கட்டம் போட்ட கைகள்

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி ஊரப்பாக்கம் வரும்வரை இருபுறமும் உள்ள கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டே வாருங்கள். மருந்துக்கடை, பிரியாணிக்கடை, செல்போன் கடை, மனை விற்பவர், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் நாலைந்து கணினி எழுத்துகள்தான். பின்னால் எல்.இ.டி. விளக்கு, முன்னால் அக்ரிலிக் அல்லது ஃப்ளெக்ஸ். 1990களின் தொடக்கத்தில் இதே சாலையில் ஒவ்வொரு பலகையும் ஒரு கையைக் காட்டியது. டீக்கடைப் பலகையில் ஆவி பறக்கும் கிளாஸ் இருக்கும். சலூன் பலகையில் கமல் முகம் இருக்கும், இல்லாவிட்டால் கமல் சாயலில் ஒரு முகம். 'ழ'வின் வாலை ஒருவர் இழுப்பதுபோல் இன்னொருவர் இழுக்கமாட்டார். மூலையில் சின்னதாக எழுதியவர் பெயரும் இருக்கும், பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து, கூடுவாஞ்சேரி என்றோ தாம்பரம் என்றோ ஊர் போட்டு.

அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர்களைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஓர் ஓவியர் வந்தார், அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார், அந்தக் காலத்து வேலை இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது என்பது நம் பகுதியில் பலரும் கேள்விப்படாத செய்தி. அதைச் சொல்லாமல் அன்றையும் இன்றையும் ஒப்பிட முடியாது.

பிரான்செஸ்கோ கிளெமென்டே 1952இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். ரோமில் கட்டடக்கலை படிக்கப் போய் ஓவியத்துக்குத் திரும்பியவர். 1973இல் முதன்முதலாக இந்தியா வந்தார். பிறகு மனைவி ஆல்பாவோடு மதராஸில் வந்து தங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. அடையாறு பிரம்மஞான சபையின் நூலகம் அவருக்குப் பிடித்த இடம். அங்கே படிப்பார், வெளியே வந்தால் சினிமா பேனர் எழுதுபவர்களிடம் போவார். அன்றைய ஐரோப்பாவில் ஓவியம் செத்துவிட்டது என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கருத்துதான் கலை, தூரிகை பழைய சமாச்சாரம் என்பது அங்கே பேச்சு. மவுண்ட் ரோட்டிலோ ஓவியம் நாற்பதடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. நேப்பிள்ஸிலிருந்து வந்த இளைஞருக்கு இந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உருவத்தையும் வண்ணத்தையும் கூச்சமில்லாமல் மறுபடி கையிலெடுத்த இத்தாலிய ஓவியர்கள் சிலருக்கு 1979இல் விமர்சகர் அகில்லே போனிட்டோ ஒலிவா ஓர் இயக்கப் பெயர் சூட்டினார். அந்த வரிசையில் முதலில் சொல்லப்படுகிறவர்களில் கிளெமென்டே ஒருவர். 1980இல் வெனிஸ் பினாலேயில் அவர்களுடைய படங்கள் வந்தபின் உலகக் கலைச் சந்தையே அந்தப் பக்கம் திரும்பியது.

அந்த 1980ஆம் ஆண்டில் அவர் செய்த பெரிய படங்களைப் பாருங்கள். புதுச்சேரியில் கையால் செய்த தாளில் கவாஷ் வண்ணம். ஒரு தாள் போதாது என்று பல தாள்களைப் பருத்தித் துணி நாடாவால் ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்கியிருக்கிறார். 'இரு ஓவியர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'சூரியன்' என்ற இன்னொன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில். அதே அருங்காட்சியகம் 1990இல் நேப்பிள்ஸ், இந்தியா, நியூயார்க் என்று அவருடைய மூன்று உலகங்களைச் சொல்லும் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது.

துண்டு துண்டாக எழுதி, பிறகு சேர்த்து ஒரே முகமாக்குவது யாருடைய வேலை? எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டால் சொல்வார். எழுபதை நெருங்குகிறவர். பதினேழு, பதினெட்டு வயதில் மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனர் கம்பெனியில் சேர்ந்தவர். தாம்பரம் வந்து மீட்டர்கேஜ் மின்சார ரயில் பிடித்துப் போய் வந்தவர். கிளெமென்டே என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அவருடைய கம்பெனிக்கு எந்த வெள்ளைக்காரரும் வந்ததில்லை. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றை என் செல்போனில் காட்டியபோது அவர் கண் நேராக ஒட்டுகளுக்குத்தான் போனது.

"இது ஜாயின்ட் தம்பி. மூக்கு நடுவுல வராம வெட்டணும். அது தெரிஞ்சவன் போட்டது."

பேனர் எப்படி எழுதினார்கள் என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு ஸ்டில் வரும், உள்ளங்கை அளவு. அதன்மேல் பென்சிலில் கட்டம் போடுவார்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குப் பசையும் வெள்ளைப் பொடியும் கலந்து பூசிக் காயவைத்து, அதிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். நூலில் வண்ணப்பொடி தடவி இருபுறமும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கரிக்கோட்டில் உருவம். ஷெட்டின் உயரம் பத்தடி என்றால் நாற்பதடிப் படத்தை நிறுத்திப் பார்க்க இடமே கிடையாது. கன்னம் ஒரு சட்டத்தில், தாடை இன்னொரு சட்டத்தில், கிரீடம் வெளியே வெயிலில். முழுமுகத்தை எழுதியவரே முதன்முதலில் பார்ப்பது சவுக்குச் சாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டிய பிறகுதான்.

வேலைக்கு வரிசை உண்டு. சேர்ந்த பையன் பிரஷ் கழுவுவான், வண்ணப்பொடியை லின்சீட் எண்ணெயில் குழைப்பான். அடுத்தவர் பின்னணி அடிப்பார். அதற்கு மேலே உடை, நகை. எழுத்துக்குத் தனி ஆள். முகம் மட்டும் வாத்தியார் கை. "கண்ணு வெக்கிறது அவர்தான். நாங்க அவர் பின்னால நின்னு பாப்போம். மூஞ்சில பச்சை வெப்பாரு, ஊதா வெப்பாரு. கிட்டத்துல பாத்தா அசிங்கமா இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தா சிவாஜி நிப்பாரு." தூரத்துக்கு வண்ணம் வைக்கும் இந்தக் கணக்கு எந்தக் கல்லூரிப் பாடத்திலும் இல்லாதது. 1957இல் 'வணங்காமுடி' வந்தபோது மோகன் ஆர்ட்ஸ் சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் நிறுத்திய கதை இவர்களுக்குள் இன்னும் ஓடுகிறது.

படம் ஓடி முடிந்ததும் பேனரை இறக்குவார்கள். அதன்மேலேயே வெள்ளை அடித்து அடுத்த படம். இற்றுப்போன துணி குடிசைக்குக் கூரையாகப் போகும். அதனால்தான் ஐம்பது ஆண்டுகளில் இந்த நகரம் எழுதிய ஆயிரக்கணக்கான ஓவியங்களில் மிஞ்சியவை சொற்பம். ஆய்வாளர் பிரேமிந்தா ஜேக்கப் சென்னையின் பேனர்களையும் கட்-அவுட்களையும் பற்றி 2009இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் கொண்டுவந்தார். அதைப் போன்ற பதிவுகளில்தான் அவற்றில் கொஞ்சம் உயிரோடிருக்கிறது. தமிழில் அதற்கு இணையாக நான்கு நூல்கள் வந்திருக்க வேண்டும்.

கிளெமென்டேயின் மதராஸ் பேனரோடு முடியவில்லை. நம் தென்பகுதியில், திருவான்மியூரில், கலாக்ஷேத்ராவை ஒட்டி சி.டி. நாச்சியப்பன் நடத்திய அச்சகம் ஒன்று இருந்தது. எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடிக்கும் பழைய முறை. 1986இல் கிளெமென்டேயும் நியூயார்க்கைச் சேர்ந்த ரேமண்ட் ஃபோயும் சேர்ந்து 'ஹனுமான் புக்ஸ்' என்று ஒரு பதிப்பகம் தொடங்கியபோது, புத்தகங்களை இந்த அச்சகத்தில்தான் அச்சிட்டார்கள். சட்டைப்பையில் வைக்கும் ஸ்தோத்திரப் புத்தகங்களின் அளவு. கையால் தைத்த கட்டு. ஆலன் கின்ஸ்பெர்க், வில்லியம் பரோஸ், பாட்டி ஸ்மித், ஓவியர் வில்லெம் டி கூனிங் ஆகியோரின் எழுத்து திருவான்மியூரில் ஈய எழுத்தாகக் கோக்கப்பட்டு, மூட்டை கட்டி நியூயார்க் போயிற்று. 1993 வரை சுமார் ஐம்பது புத்தகங்கள் வந்தன. இன்று அவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்த எழுத்துகளைக் கோத்த கம்பாசிட்டர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அமெரிக்கக் கவிதையின் வரி எங்கே உடைகிறது, எவ்வளவு இடம் விட்டு அடுத்த வரி தொடங்குகிறது என்பதை விரலால் அளந்து வைத்தவர்கள் அவர்கள்.

ஐரோப்பிய நவீனக் கலையின் வரலாற்றில் கலைஞர் கைவினைஞரைத் தேடிப் போவது புதிதில்லை. பிக்காசோ 1928இல் இரும்பில் சிற்பம் செய்ய விரும்பியபோது அவருக்குப் பற்றவைப்பு தெரியாது. ஹுலியோ கோன்சாலஸிடம் போனார். கோன்சாலஸ் பார்சிலோனாவில் உலோகவேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில் ரெனோ தொழிற்சாலையில் வாயுப் பற்றவைப்பு கற்றவர். இருபதாம் நூற்றாண்டின் இரும்புச் சிற்பம் என்ற பெரிய மரமே அந்தப் பட்டறைக் கையிலிருந்து முளைத்தது. கலப்பு ஊடகம் என்று இன்று கலைக்கூடங்கள் எழுதிவைக்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு தையற்காரர் இருக்கிறார்.

இதை மதராஸில் தெளிவாகப் புரிந்துகொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய எழும்பூர் கலைப்பள்ளிக்கு 1957இல் முதல்வரானவர். அதற்கு மூன்று ஆண்டு முன்பு லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர். ஐரோப்பாவை நேரில் பார்த்த பிறகு அவருடைய கேள்வி மாறியது. மேற்கத்திய ஓவியத்தை எவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்பதிலிருந்து நம் மண்ணின் கோட்டை எங்கே கண்டெடுப்பது என்பதற்கு வந்தார். 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் படிக்க முடியாத எழுத்துகளும் ஓவியமாயின. ஆனால் எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது 1966இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணலில் சோழமண்டலம் கலைக்கிராமத்தைத் தொடங்கியதுதான். படித்து முடித்த பையன்களுக்கு டிராயிங் மாஸ்டர் வேலையை விட்டால் பிழைப்பு இல்லாத காலம். ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்கும் துணிக்கும் வடிவம் போட்டுச் சம்பாதித்தார்கள். பணிக்கர் சொன்ன வழி: பாதி நேரம் பாத்திக், உலோகம், தோல், மண் என்று கைவினை செய்து விற்போம், அந்தக் காசில் நிலம் வாங்கி வீடு கட்டுவோம், மீதி நேரம் யாருக்கும் தலைவணங்காமல் ஓவியம் செய்வோம். பாத்திக் விற்ற காசில் வாங்கிய நிலத்தில் எழுந்த ஓவியர் கிராமம் அது. உலகில் வேறெங்கும் இப்படி ஒன்று இவ்வளவு காலம் நிலைத்ததாக நான் அறியேன்.

பி.வி. ஜானகிராம் அங்கே செப்புத் தகட்டைத் தட்டி, முன்பக்கத்திலிருந்து பார்க்கும்படியான உருவங்கள் செய்தார். சாமிக்குக் கவசம் செய்யும் தட்டுவேலை அவருக்கு வழிகாட்டியது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் எனாமலும் பற்றவைப்பும் சேர்த்தார். ராமானுஜம் பேனாவும் மையும் கொண்டு, தொப்பி போட்ட தன்னையே வைத்து அரண்மனைகளும் நாகங்களும் நிறைந்த ஒரு கனவூரை வரைந்து, 1973இல் இளம்வயதிலேயே போய்விட்டார். கொல்லம் பக்கத்துக் கைவினைக் குடும்பத்தில் பிறந்த வேலு விஸ்வநாதன் 1968இல் பாரிஸுக்குப் போய் அங்கேயே ஓவியராக நிலைபெற்றார். இந்தியக் கடற்கரைகளின் மணலைச் சேகரித்து அதைக் கருவாக வைத்துப் படமும் எடுத்தார். இன்று பிரான்ஸின் சமகால ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரையும் சேர்த்தே எழுத வேண்டும். போக்குவரத்து ஒருவழிப்பாதை இல்லை என்பதற்கு ஈஞ்சம்பாக்கம் மணலே சாட்சி.

ஊரப்பாக்கத்திலிருந்து அங்கே போவது இப்போது எளிது. வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம், கோவளம் வழியாக ஈ.சி.ஆரில் ஏறினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, இன்னும் வடக்கே போனால் சோழமண்டலம். சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த இடத்தைச் சுற்றி இன்று பங்களாக்களும் உணவகங்களும். உள்ளே மட்டும் மரநிழலும் சிற்பங்களும் இருக்கின்றன. 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் மதராஸ் இயக்கத்தின் ஓவியங்கள் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே போனாலும் போதும்.

பேனர் எழுதியவர்களுக்கு அப்படி ஒரு கிராமம் வாய்க்கவில்லை. 2000க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே ஃப்ளெக்ஸ் அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பத்துப் பேர் ஒரு வாரம் செய்த வேலையை இயந்திரம் ஒரு இரவில், சதுரஅடி பத்து இருபது ரூபாய்க்குக் கக்கியது. 2008இல் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து மாநகரச் சாலைகளின் பெரிய விளம்பரப் பலகைகள் அகற்றப்பட்டன. அவை போனபோது அழுவதற்குக் கையால் எழுதியவர்கள் அந்தத் தொழிலில் மிச்சமில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் வரவேற்புப் பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் பொறியாளர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அது நம் பகுதியில் நடந்த கொடுமை. அதன்பின் பேனர்களுக்குக் கெடுபிடி வந்தது சரியே. ஃப்ளெக்ஸ் குறைந்த இடத்தில் தூரிகை திரும்பி வந்ததா என்றால், வரவில்லை.

எங்கள் பெரியவர் 2003 வாக்கில் கம்பெனி மூடியதும் ஊரப்பாக்கத்தோடு தங்கிவிட்டார். கொஞ்ச காலம் லாரிக்கு எண் எழுதினார். தேர்தல் வந்தால் சுவர் விளம்பரம். அதற்கும் கட்டுப்பாடு வந்தது. இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் காந்தி, அப்துல் கலாம், உடல் உறுப்புகளின் படம், கோயில் திருப்பணியில் சுதைக்கு வண்ணம். முகம் எழுதப் பழகிய கை, வருஷத்தில் பாதி நாள் வெள்ளை அடிக்கிறது. வருத்தமாகச் சொல்லமாட்டார். "பெயின்ட் டப்பா தூக்கினாலும் பெயின்ட் டப்பாதானே" என்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

ஐரோப்பிய ஓவியர்கள் சென்னைக்கு வருவது நிற்கவில்லை. இன்று வேறு மாதிரி வருகிறார்கள். ஜெர்மனியின் சுவரோவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷ், கெதே நிறுவனத்தின் ஆதரவில் நடந்த திட்டத்தில் சென்னையில் பெரிய முகம் ஒன்றை வரைந்தார். 2020இல் ஓ.எம்.ஆர். பக்கம் கண்ணகி நகரில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் ஆசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களை ஓவியமாக்கின. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைக் கொண்டுவந்து இருத்திய இடம் அது. வேலை கேட்கப் போனால் முகவரியைச் சொல்லவே தயங்கும்படி வெளியுலகம் அந்தப் பெயரை ஆக்கிவைத்திருந்தது. ஸ்பெயினின் அந்தோனியோ மரெஸ்ட் அங்கே ஒரு சுவரை வடிவியல் வண்ணங்களால் நிரப்பினார். சென்னையின் ஏ-கில், தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பெயர் பெற்ற ஓஷீன் சிவா போன்றவர்களின் வேலையும் அங்கே இருக்கிறது. ஏ-கில் வரைந்த பிள்ளைகளின் சிரிப்பைப் பார்த்தால், நம் ஊர் பேனர் வாத்தியார்களின் பேரன் என்று சொல்லத் தோன்றும். தூரத்துக்கு வண்ணம் வைக்கத் தெரிந்தவர்.

நான் இந்தச் சுவரோவியங்களை மனதாரப் பாராட்டுகிறேன். அங்கே குடியிருப்பவர்கள் தினமும் நிறத்தைப் பார்த்து வெளியே போகிறார்கள், அது சிறிய விஷயம் கிடையாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. கிளெமென்டே இங்கே வந்தபோது அவருக்கு இந்த ஊரின் தாள் தேவைப்பட்டது, ஊரின் அச்சகம் தேவைப்பட்டது, ஊரின் கை தேவைப்பட்டது. கற்றுக்கொண்டு போனார். இன்று வருகிறவருக்கு ஏற்றி இறக்கும் இயந்திரம் இருக்கிறது, ஸ்ப்ரே இருக்கிறது, வடிவம் மடிக்கணினியில் முடிந்துவிட்டது. நம்மிடமிருந்து அவருக்கு வேண்டியது வெற்றுச் சுவர். சில நாளில் வேலை முடிகிறது, அடுத்த ஊருக்கு விமானம். இது அவர் குற்றமில்லை. கொடுப்பதற்கு நம்மிடம் இருந்ததை நாமே கூலியில்லாமல் ஆக்கிவிட்டோம்.

பழைய நாள் எல்லாம் நியாயமாக இருந்தது என்றும் சொல்லிவிட மாட்டேன். கிளெமென்டேயைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஜெய்ப்பூர், ஒரிசா நுண்ணோவியர்கள், மதராஸ் பேனர் ஓவியர்கள் என்று கூட்டமாகத்தான் குறிப்பு வருகிறது. மவுண்ட் ரோட்டு வாத்தியார் ஒருவர் பெயர்கூட என் கண்ணில் படவில்லை. கிளெமென்டேயின் நண்பர், இத்தாலியரான அலிகியேரோ போயெட்டி, 1971 முதல் ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைப் பூத்தையலில் செய்தார். ஒவ்வொரு நாடும் அதன் கொடியின் நிறத்தில். கடல் நீலம்தான் என்று அவர் நினைத்திருக்க, 1979இல் ஒரு வரைபடம் இளஞ்சிவப்புக் கடலோடு வந்து சேர்ந்தது. தைத்தவர்களிடம் அந்த நூல்தான் நிறைய இருந்தது. கடலையே பார்க்காத நாட்டுப் பெண்கள் அவர்கள். போயெட்டி மகிழ்ந்துபோய், அதன்பின் கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார். அந்த வரைபடங்கள் இன்று ஏலத்தில் கோடிகளில் போகின்றன. நிறத்தைத் தீர்மானித்த பெண்களின் பெயர் ஏலப் பட்டியலில் வருவதில்லை. கையைத் தேடி வருவது ஒரு படி, கைக்குப் பெயர் கொடுப்பது அடுத்த படி. அன்று முதல் படி இருந்தது. இன்று இரண்டும் வேண்டும்.

கை இனித் தேவையா என்ற கேள்வி இத்தாலியிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. கராரா, பியத்ராசாந்தா பக்கத்துப் பளிங்குப் பட்டறைகளில்தான் ஹென்றி மூர் போன்றவர்கள் கல்லில் வேலை செய்தார்கள். அந்த ஊர்ச் சிற்பிகள் கலைஞரின் சிறு மாதிரியைப் பார்த்துப் பெருங்கல்லில் எடுத்துக் கொடுப்பார்கள். இன்று அதே ஊரில் எந்திரக் கை இரவும் பகலும் பளிங்கைக் குடைகிறது, மனிதர் கடைசி மெருகு போடுகிறார். நம் மாமல்லபுரத்திலும் இயந்திரச் சத்தம் உளிச்சத்தத்தை விடப் பெரிதாகிவிட்டது. ஆனால் அங்கே 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, மரபைப் பாடமாக வைத்திருக்கிறது. பேனருக்கு அப்படி ஒரு வகுப்பறையாவது எழும்பூர்க் கல்லூரியில் ஏன் வைக்கக் கூடாது? வாத்தியார்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு ஸ்டில், ஒரு நூல், ஒரு துணி, நாற்பதடிக்குக் கட்டம். இரண்டு மாதப் பாடம்.

தாம்பரம் மாநகராட்சியாகி விட்டது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30இல் திறந்த பேருந்து முனையம் எங்கள் வாசலுக்கு ஆயிரக்கணக்கான பேரைக் கொண்டுவந்து இறக்குகிறது. சுவர்களுக்கா பஞ்சம்? மேம்பாலத் தூண்கள், ரயில்வே மதில், பள்ளிக்கூடம், ஏரிக்கரைச் சுற்றுச்சுவர் எத்தனையோ இருக்கின்றன. அடுத்த முறை ஸ்பெயினிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒருவரை அழைக்கும் அமைப்பு, சாரத்தில் அவர் பக்கத்தில் இந்தப் பகுதியின் பேனர் ஓவியர் ஒருவரையும் ஏற்றட்டும். அவருக்கும் ஓவியருக்கு உரிய கூலி கொடுக்கட்டும். சுவர் மூலையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும்.

சில மாதங்களுக்கு முன் பெரியவரைக் கண்ணகி நகருக்கு அழைத்துப் போனேன். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய் ஓ.எம்.ஆரில் ஏறினோம். ஒவ்வொரு சுவருக்கும் எதிரே சாலையைக் கடந்து நின்று பார்த்தார், பிறகு கிட்டே போய்ப் பார்த்தார். வடிவியல் படத்தின் விளிம்பை விரலால் தடவினார்.

"டேப் ஒட்டி எடுத்திருக்காங்க. சுத்தமா வந்திருக்கு. நாங்கன்னா நூல் போட்டு எடுப்போம், இதைவிடக் கொஞ்சம் அசையும்." மேற்கே திரும்பி வெயில் விழும் பக்கத்தைப் பார்த்தார். "அந்தச் சிவப்பு சீக்கிரம் வெளுத்துடும். அதுக்கு அடியில ஒரு கோட்டு மஞ்சள் குடுத்திருந்தா நிக்கும். சொல்லியிருப்பேன், கேட்டிருந்தா."

"அடுத்த தடவை யாராவது வந்தா உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா அண்ணே?"

"மூஞ்சி எழுதறதா இருந்தா கூப்பிடச் சொல்லுப்பா. இந்த மாதிரி கட்டம் கட்டமா வேலைன்னா கூடுவாஞ்சேரில என்கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் இருக்கான், லெட்டரிங் ஆளு, கோடு சும்மா கம்பி மாதிரி இழுப்பான். அவன் நம்பரையும் சேத்துக் குடு."